குறளி கொடுத்த பட்டா

‘ஃபேரி’ என்ற சொல்லைத் தமிழில் எழுத நேரும்போதெல்லாம் கை தானாகவே ‘தேவதை’ என்று எழுதிவிடுகிறது. எழுதிய மறுகணமே வெள்ளைப் பாவாடையும் வண்ணத்துப்பூச்சிச் சிறகும் நுனியில் நட்சத்திரம் ஒட்டிய கோலும் கண்முன் வந்து நிற்கின்றன. 1906-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலச் சிறுவர் நூலில், அந்த உலகத்தைச் சேர்ந்த ஒருவனே இந்தச் சித்திரத்தைக் கேட்டு முகம் சுளிக்கிறான். பூச்சிகளைப் போலப் பறந்துகொண்டு, வாத்தியார் பிரம்பைப் போல ஒரு கோலை ஆட்டிக்கொண்டு திரியும் அந்தப் பிறவிகள் யாரோ கட்டிவிட்ட கதை, எங்கள் ஆட்களுக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிறான். அவன் பெயர் பக். குள்ளமான பழுப்பு உருவம், அகன்ற தோள், கூரிய காது, சப்பை மூக்கு, மயிரடர்ந்த வெறுங்கால். தமிழில் அவனுக்குப் பொருந்தும் சொல் குறளி.

நூலின் பெயர் ‘பக் ஆஃப் பூக்ஸ் ஹில்’. எழுதியவர் ‘ஜங்கிள் புக்’ வழியாக நமக்கு அறிமுகமான ருட்யார்ட் கிப்ளிங். பத்துக் கதைகளைக் கோத்த நாவல் என்று இதைச் சொல்லலாம். கதைகளுக்கு இடையே பாட்டுகளும் உண்டு. இங்கிலாந்தின் வரலாற்றையும் அதன் மாய உலகத்தையும் பிள்ளைகளுக்காக ஒரே நூலில் முடிந்த ஆரம்பகால முயற்சிகளில் இது முக்கியமானது. நான் இதை முதலில் மாயக்கதையாகத்தான் படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது நிலப் பத்திரம் ஒன்றைப் படிப்பது போல இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

கதை ஒரு கோடைக்கால மாலையில் தொடங்குகிறது. சசெக்ஸ் மாவட்டத்தில் ஓர் ஓடைக்கரைப் புல்வெளி. டான், யூனா என்ற அண்ணன் தங்கை இருவரும் ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தின் சுருக்கத்தைப் பசுக்களின் முன்னால் நடிக்கிறார்கள். பக் வேடம், கழுதைத்தலை நெசவாளி வேடம், மூன்று தேவதைகள் எல்லாமே டான்தான். கழுதைத்தலை காகிதத்தால் ஆனது, கவனக்குறைவாக இழுத்தால் கிழிந்துவிடும். ராணி வேடம் யூனாவுக்கு. சாப்பாட்டுக்கு அவித்த முட்டையும் பிஸ்கட்டும் ஓர் உறையில் மடித்த உப்பும் வைத்திருக்கிறார்கள். நாடகம் பிடித்துப்போய் மூன்று முறை நடித்துவிடுகிறார்கள். நடுவேனில் தினத்துக்கு முந்திய மாலை, புல்லில் இயற்கையாக அமைந்த வட்டத்தின் நடுவில், பூக் குன்றின் அடியில் மூன்று முறை. இந்த மூன்றும் சேர்ந்ததில் குன்று திறந்துகொள்கிறது. புதரை விலக்கிக்கொண்டு பக் வருகிறான். வந்தவன் அவர்களுடைய உப்பை அள்ளித் தூவிச் சாப்பிடுகிறான். எங்களில் சிலருக்கு உப்பு ஆகாது, இரும்பு ஆகாது, கோயில் மணியோசை ஆகாது, எனக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது என்று பெருமை வேறு.

அடுத்து வருவதுதான் நூலின் மையம். டானின் கத்தியை வாங்கி, வட்டத்தின் நடுவிலிருந்து புல்லோடு இரண்டு மண்கட்டிகளை அறுத்தெடுக்கிறான். அந்தக் காலத்தில் நிலத்தை விற்பவன் ஒரு கட்டி மண்ணை வெட்டி வாங்குபவன் கையில் கொடுத்தால்தான் நிலம் கைமாறியதாகக் கணக்கு என்று விளக்குகிறான். இது கிப்ளிங்கின் கற்பனை அன்று. இங்கிலாந்தின் நிலச் சட்டத்தில் ‘சீசின்’ என்ற பெயரில் நிஜமாகவே இருந்த சடங்கு. டான் பின்வாங்குகிறான். இது எங்கள் புல்வெளிதானே, மந்திரம் போட்டு இதைப் பறிக்கப் போகிறாயா என்று கேட்கிறான். பக் சிரிக்கிறான். உன்னுடையதுதான், தெரியும், ஆனால் நீயோ உன் அப்பாவோ நினைத்துப் பார்க்காத அளவுக்கு இதில் இருக்கிறது என்கிறான். யூனா முதலில் கையை நீட்டுகிறாள்.

நல்ல காசு கொடுத்து வாங்கிய நிலத்துக்கு ஒரு குறளியிடமிருந்து இரண்டாவது பட்டா எதற்கு? எழுதியவரின் வாழ்க்கையில் இதற்கு விடை இருக்கிறது. கிப்ளிங் 1865-இல் பம்பாயில் பிறந்தவர். ஆயாவோடும் வேலையாட்களோடும் இந்துஸ்தானி பேசி வளர்ந்த குழந்தை. ஐந்து வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, சௌத்சீ என்ற ஊரில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் தங்கவைக்கப்பட்டார். அந்த வீட்டின் கொடுமையை அவர் சாகும்வரை மறக்கவில்லை. 1882-இல் மீண்டும் இந்தியா, லாகூரில் பத்திரிகை வேலை. பிறகு அமெரிக்க மனைவி, அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வீடு. அந்த நாட்டோடும் ஒட்டவில்லை. 1899-இல் நியூயார்க் பயணத்தின்போது மூத்த மகள் ஜோசபைன் நிமோனியாவில் இறந்துபோனாள். 1902-இல் சசெக்ஸின் பர்வாஷ் கிராமத்தருகே ‘பேட்மன்ஸ்’ என்ற பழைய வீட்டை வாங்கிக் குடியேறியபோது அவருக்கு வயது 36. வாசலுக்கு மேல் 1634 என்று பொறித்த கல் வீடு. நண்பர் ஒருவருக்கு அந்த நாட்களில் எழுதிய கடிதத்தில், தான் கண்ட அந்நிய நாடுகளிலேயே அதிசயமானது இங்கிலாந்துதான் என்று குறிப்பிட்டார். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனாலும் இங்கிலாந்தின் கவிஞன் என்று உலகம் கொண்டாடிய ஒருவர் அதே இங்கிலாந்தை அந்நிய நாடுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்.

வீட்டுக்குக் கிணறு தோண்டினார்கள். 25 அடியில் நிறுத்தியபோது, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஜேம்ஸ் மன்னர் காலத்துப் புகையிலைக் குழாய் ஒன்றும், அதே நூற்றாண்டின் நடுவில் ஆண்ட கிராம்வெல் காலத்துத் தேய்ந்த கரண்டி ஒன்றும், எல்லாவற்றுக்கும் அடியில் ரோமானியக் குதிரைக் கடிவாளத்தின் வெண்கலத் துண்டு ஒன்றும் கிடைத்திருந்தன. பழைய குளம் ஒன்றைத் தூர்வாரியபோது, அடிச்சேற்றில் மெருகு குலையாத புதிய கற்காலக் கோடரி கிடைத்தது. விளிம்பில் ஒரே ஒரு சில்லுதான் பெயர்ந்திருந்தது. தன்வரலாற்றில் கிப்ளிங் இவற்றை வரிசையாகச் சொல்கிறார். நாவலின் அமைப்பு இந்தக் கிணற்றின் அமைப்புதான். வேறு கதைகளில் மாய உலகத்துக்குப் போக ஒரு கதவோ கண்ணாடியோ வேண்டியிருக்கும். இங்கே அது காலடி மண்ணிலேயே அடுக்கடுக்காக இருக்கிறது.

அதனால்தான் இந்த நூலில் பிள்ளைகள் எங்கும் போவதில்லை. இதன் தனித்தன்மை புரிய வேண்டுமானால் அதே காலத்தில், அதே ‘ஸ்ட்ராண்ட்’ மாத இதழில் வந்த ஈ. நெஸ்பிட்டின் ‘தி ஸ்டோரி ஆஃப் தி அமுலெட்’ கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் நான்கு பிள்ளைகள் ஒரு தாயத்தின் வழியாக எகிப்துக்கும் பாபிலோனுக்கும் போய்ச் சுற்றிப் பார்த்துத் திரும்புகிறார்கள். கிப்ளிங்கிடம் இறந்த காலம்தான் நடந்து வருகிறது. 1066-இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மன் படையின் வீரன் ஒருவன் ஓடையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நிற்கிறான். ரோமானியப் படைத்தலைவன் ஒருவன் புதரிலிருந்து எழுகிறான். வந்தவர்கள் தங்கள் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கடைசியில் பக் ஓக், ஆஷ், முள்மரம் என்ற மூன்று மரங்களின் இலைகளைப் பிள்ளைகள் கையில் கொடுப்பான். அவர்கள் கேட்டதை மறந்து, தேநீருக்கு வீடு திரும்புவார்கள். பெரியவர்களிடம் உளறி மாட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. கதாசிரியருக்கும் இது வசதி: யார் நம்பினார்கள், யார் நம்பவில்லை என்ற சள்ளையே கிடையாது.

கதைகள் காலவரிசைப்படி வருவதில்லை. 1066-ஐ ஒட்டிய நார்மன் கதைகள் முதலில், பிறகு நான்காம் நூற்றாண்டு ரோம், பிறகு டியூடர் மன்னர்களின் காலம், கடைசியில் 1215. கிணற்றிலிருந்து பொருள்கள் கலைந்து மேலே வருவது போல. ஆனால் வருபவர்களைக் கவனித்தால் ஓர் ஒற்றுமை தெரியும். ஏறக்குறைய எல்லோரும் வந்தேறிகள். முதல் கதையின் வீலண்ட், கடற்கொள்ளையரின் கப்பலில் கறுத்த மரச்சிலையாக வந்து இறங்கிய கொல்லர் தெய்வம். குதிரைப் பலி வாங்கியவன். அவனிடம் பக் அன்றைக்கே சொல்கிறான்: ஒருநாள் நீ சாலையோரத்தில் கூலிக்கு லாடம் அடித்துக்கொண்டிருப்பாய். பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அப்படியே நடக்கிறது. கல்லின் மேல் ஒரு காசை வைத்துக் குதிரையைக் கட்டிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது லாடம் அடித்திருக்கும் என்ற நம்பிக்கை இங்கிலாந்தில் ‘வேலண்ட்ஸ் ஸ்மிதி’ என்ற கற்காலக் கல்லறையைப் பற்றி நிஜமாகவே உண்டு. கிப்ளிங் அதை சசெக்ஸுக்குக் கொண்டுவருகிறார். யாராவது மனமார நன்றி சொன்னால்தான் வீலண்டுக்கு விடுதலை. லாடம் அடித்துக்கொண்டு நன்றி சொல்ல மறுக்கும் ஒரு விவசாயியை, ஹ்யூ என்ற மடத்துச் சிறுவன் இழுத்துப் பிடித்துச் சொல்ல வைக்கிறான். அந்தக் கடனுக்கு வீலண்ட் ஒரு வாள் அடித்துக் கொடுக்கிறான். பழைய தெய்வங்கள் எப்படிப் பேயாகவும் பூதமாகவும் தேய்ந்துபோகின்றன என்று ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை, பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி ஒரே கதையில் சொல்லிவிடுகிறார் கிப்ளிங்.

அந்த வாளோடுதான் நார்மன் கதைகள் தொடர்கின்றன. வெல்ல வந்த சர் ரிச்சர்ட் கடைசியில் இங்கிலாந்து தன்னை வென்றுவிட்டதாகப் பாடுகிறான். வாளின் துணையோடு ஆப்பிரிக்கா வரை போய்த் தங்கம் கொண்டுவரும் கதை எனக்குத் தொய்வாகவே பட்டது. மனிதக் குரங்குகளைப் பிசாசுகள் என்று நினைத்துச் சண்டை போடும் நீண்ட பகுதி, அந்தக் காலத்துச் சாகசக் கதைகளின் வழக்கமான சரக்கு.

நூலின் உச்சம் நடுவில் இருக்கும் மூன்று ரோமானியக் கதைகள். பார்னீசியஸ் வைட் தீவில் பிறந்தவன். ரோமைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவனை வளர்த்தவள் ஒரு தாதி. ஆனாலும் அவன் ரோமானியன். முப்பதாம் படையின் அதிகாரியாக, ஹேட்ரியன் கட்டிய வடக்குச் சுவருக்கு அனுப்பப்படுகிறான். அங்கே நண்பன் பெர்டினாக்ஸோடு சேர்ந்து, வடக்கே வாழும் பிக்ட் மக்களோடு வேட்டையாடிச் சிநேகம் பிடிக்கிறான். மேலே இருக்கும் தளபதி மாக்சிமஸுக்குப் பேரரசனாகும் ஆசை. 383-இல் அவர் பிரிட்டனிலிருந்து படைகளைத் திரட்டிக்கொண்டு காலியாவுக்கு (இன்றைய பிரான்ஸ்) போனதும், 388-இல் தோற்றுக் கொல்லப்பட்டதும் வரலாறு. ஆள் குறைந்த சுவரை இரண்டு இளைஞர்கள் காப்பது கதை. இதை எழுதியபோது கிப்ளிங்கின் மனத்தில் ஓடியது பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்தில் பார்த்த வெள்ளை அதிகாரிகள்தான் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆயாவின் மடியில் வளர்ந்த, தாய்நாட்டைப் பார்த்தறியாத பிள்ளை யார் என்பதும் அப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போர் முடிந்து நான்கே ஆண்டுகள். பேரரசு ஓய்வது எப்படி இருக்கும் என்ற கேள்வியைச் சிறுவர் கதைக்குள் ஒளித்துவைத்துக் கேட்டுப் பார்க்கிறார்.

இந்த இடத்தில் அவரையும் மீறி ஒன்று நடக்கிறது. மூன்றாம் ரோமானியக் கதைக்குப் பின் பிக்ட்டுகளின் பாட்டு ஒன்று வருகிறது. ரோம் எங்கே மிதிக்கிறோம் என்று பார்த்து மிதிப்பதில்லை. நாங்கள் நேசிக்கவோ வெறுக்கவோ கூட லாயக்கற்ற சிறியவர்கள். ஆனால் மரத்தை அரிக்கும் புழு நாங்கள் என்கிறது. அதில் அவர்கள் தங்களைச் ‘சின்ன மக்கள்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் அது குறளி இனத்துக்கு வழங்கும் பெயரும்கூட. தற்செயல் என்று தள்ள முடியாது. 1890-இல் டேவிட் மக்ரிச்சி என்பவர் ‘தி டெஸ்டிமனி ஆஃப் ட்ரடிஷன்’ என்ற நூலில், குன்றுகளுக்குள் வாழும் குள்ள இனம் பற்றிய கதைகளெல்லாம் பிக்ட்டுகளைப் போன்ற பழங்குடியினரைப் பற்றிய மங்கலான நினைவே என்று வாதிட்டிருந்தார். இன்று அந்தக் கொள்கையை யாரும் ஏற்பதில்லை. அன்றைக்கு அது பரவலாகப் பேசப்பட்டது. நிலத்தை இழந்தவன் கதையில் பூதமாகிறான் என்பது அதன் சாரம். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பட்டா வழங்கிக்கொண்டே போகும் இந்த நூலில், பட்டா கிடைக்காதவர்களின் குரல் அந்த ஒரு பாட்டில் மட்டும் கேட்கிறது. பேரரசின் பாணர் என்று பெயரெடுத்தவரே அதை எழுதினார் என்பதால் அதன் விறுவிறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

கடைசிக் கதை சிக்கலானது. ஆப்பிரிக்கத் தங்கம் பெவன்சிக் கோட்டைச் சுவருக்குள் புதைந்திருக்கிறது. காட்மியேல் என்ற யூதர் அதைக் கண்டுபிடித்துக் கடலில் கொண்டுபோய்க் கொட்டுகிறார். தங்கம் கிடைத்தால் ஜான் மன்னன் படை திரட்டிப் பிரபுக்களை நசுக்கிவிடுவான். கிடைக்காவிட்டால் 1215-இல் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில் முத்திரையிட்டே ஆக வேண்டும். அந்தச் சாசனத்தின் நாற்பதாம் பிரிவு நீதியை யாருக்கும் விற்கமாட்டோம், மறுக்கமாட்டோம் என்கிறது. அதில் ‘சுதந்திர மனிதன்’ என்று இருந்ததைக் காசு கொடுத்து ‘யாருக்கும்’ என்று மாற்றியவரும் தானே என்கிறார் காட்மியேல். இங்கிலாந்தின் சட்டத்தை ஒரு யூதர் கையிலிருந்து வரவைத்தது அன்றைக்குத் துணிச்சல்தான். அதே கதை, மன்னர்களை மறைவிலிருந்து ஆட்டிவைக்கும் யூதப் பணம் என்ற பழைய அவதூறையும் கூச்சமில்லாமல் தூக்கிச் சுமக்கிறது. 1290-இல் யூதர்கள் அனைவரையும் இங்கிலாந்து விரட்டியதைப் பற்றிப் பேச்சே இல்லை.

வந்தவர்கள் இருக்கட்டும். போனவர்களின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பக்கின் ஆட்கள் இப்போது இங்கிலாந்தில் இல்லை. அவர்கள் வந்ததையும் பார்த்தேன், போனதையும் பார்த்தேன் என்கிறான் அவன். ஆங்கில இலக்கியத்தில் இது பழைய புலம்பல். பதினான்காம் நூற்றாண்டின் கவிஞர் சாசரிடமே, ஒரு காலத்தில் நாடெங்கும் இவர்கள் நிறைந்திருந்தார்கள், பிச்சையெடுக்கும் துறவிகள் மூலைமுடுக்கெல்லாம் ஜெபம் செய்து விரட்டிவிட்டார்கள் என்ற கேலி இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பிஷப் ரிச்சர்ட் கார்பெட் எழுதிய பாட்டில், பழைய கத்தோலிக்க மதம் போனதால்தான் இவர்களும் போனார்கள் என்று வருகிறது. துறவிகள் வந்ததால் போனார்கள், துறவிகள் போனதால் போனார்கள்! எந்தத் தலைமுறையைக் கேட்டாலும், நேற்றுவரை இங்கேதான் இருந்தார்கள் என்றே சொல்லும். இந்த நாவலின் தொடர்ச்சிக்கு (1910) கார்பெட்டின் பாட்டிலிருந்துதான் கிப்ளிங் பெயர் எடுத்தார்.

‘டிம்சர்ச் ஃப்ளிட்’ என்ற கதையில் அந்த வெளியேற்றம் வருகிறது. சொல்லப்படும் இடமே அழகு: பீருக்கான ஹாப்ஸ் பூக்களை உலர்த்தும் சூளைக் கொட்டகை, கனலில் வேகும் உருளைக்கிழங்கு, வேலி கட்டும் கிழவர் ஹாப்டன். கதை சொல்பவன் ஹாப்டனின் பழைய கூட்டாளி உருவில் வந்திருக்கும் பக். சசெக்ஸ் பேச்சுமொழியில் அவர்களுக்குப் ‘பாரிசீஸ்’ என்று பெயர். பன்மைக்கு மேல் பன்மை சேர்த்து ‘ஃபேரிசஸ்’ என்று சொல்லப் போய், பைபிளின் பரிசேயரோடு கலந்துவிட்ட சொல். 1875-இல் வெளியான சசெக்ஸ் வட்டார அகராதியிலேயே இந்தக் குழப்பம் பதிவாகியிருக்கிறது.

எட்டாம் ஹென்றியின் மதச் சண்டைக் காலம். சிலைகள் உடைகின்றன, ஆள்கள் எரிக்கப்படுகிறார்கள். அந்த வெறுப்பின் காற்றைப் பாரிசீஸால் தாங்க முடியவில்லை. ரோம்னி சதுப்புநிலத்தில் கூட்டம் கூட்டமாக வந்து முடங்கிக் கிடக்கிறார்கள். பிரான்சுக்குப் போக ஒரு படகும் அதை ஓட்ட ஆளும் வேண்டும். விட்கிஃப்ட் என்ற விதவைக்கு இரண்டு மகன்கள். ஒருவனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. மற்றவன் சிறுவயதில் விழுந்ததிலிருந்து ஊமை. அவர்களையும் படகையும் தரும்படி கேட்கிறார்கள். தாயின் சம்மதம் இல்லாமல் அழைத்துப்போக அவர்களுக்கு உரிமை இல்லை. அவள் அழுது தவித்து, கடைசியில் சம்மதிக்கிறாள். விளிம்புவரை நிரம்பிய படகு இருட்டில் போகிறது, கரையில் நிற்பவள் கண்ணுக்கு ஏறியவர்கள் யாரும் தெரிவதில்லை. சில நாளில் மகன்கள் திரும்பி வருகிறார்கள். குணமாகியா என்று பிள்ளைகள் ஆவலோடு கேட்கிறார்கள். இல்லை, அனுப்பியபடியே திரும்பினார்கள் என்கிறான் கதைசொல்லி. குருடன் எதையும் பார்க்கவில்லை, ஊமை பார்த்ததைச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

இந்தக் கதைகள் பெரியவர்களுக்கானவை என்று மக்கள் உணரும் முன்பே பிள்ளைகள் படித்தாக வேண்டியிருந்தது என்று கிப்ளிங் பிற்காலத்தில் எழுதினார். பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில் ஒருவரான ரோஸ்மேரி சட்கிளிஃப் 1954-இல் ‘தி ஈகிள் ஆஃப் தி நைன்த்’ எழுதி, ரோமானிய பிரிட்டனை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார். கிப்ளிங்கைப் பற்றித் தனி நூலும் எழுதினார். பேட்மன்ஸ் வீடு இன்று, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கிறது.

புல்வெளி நாடகமும் நிஜமாக நடந்ததுதான். கிப்ளிங் தன் பிள்ளைகள் ஜானையும் எல்சியையும் வைத்து ‘நடுவேனில் இரவுக் கன’வைத் தோட்டத்தருகே நடித்தார். கழுதைத்தலை அவருக்கு, ராணி வேடம் எல்சிக்கு. பக்காக நடித்தவன் ஜான். 1914-இல் போர் மூண்டதும் அவன் படையில் சேர முயன்றான். கிட்டப்பார்வை காரணமாகத் திருப்பி அனுப்பினார்கள். அப்பா தனக்குத் தெரிந்த ராபர்ட்ஸ் பிரபுவிடம் சொல்லி ஐரிஷ் கார்ட்ஸ் படையில் இடம் வாங்கிக் கொடுத்தார். பதினெட்டு வயது முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தபோது, 1915 செப்டம்பரில், பிரான்சின் லூஸ் போர்க்களத்தில் ஜான் காணாமல்போனான். உடன் போன வீரர்களைத் தேடிப் பிடித்து, யார் கடைசியாக என்ன பார்த்தார்கள் என்று கிப்ளிங்கும் மனைவியும் ஆண்டுக்கணக்கில் விசாரித்தார்கள். 1936-இல் கிப்ளிங் இறந்தார். அதுவரை மகனின் உடல் அடையாளம் காணப்படவில்லை.